முதுகு தேய்த்த கை

ஒசாகாவின் பொதுக் குளியல்கூடத்தில், அட்டைப்பெட்டி ஆலை முதலாளி குராமோச்சி வெற்றுடம்போடு உட்கார்ந்து நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த பெரியவர், அங்குள்ள வழக்கப்படி அவர் முதுகைத் தேய்த்துவிட்டார்.

“அரசாங்கம் உதவித்தொகைன்னு அள்ளிக் குடுக்குது. அப்புறம் எவன் வேலைக்கு வருவான்? எல்லாம் சோம்பேறிங்க!”

“நானும் அதுலதான் சாப்பிடறேன். அறுபத்திரண்டு வயசுன்னா யாரு வேலை தர்றாங்க?”

“சும்மா சொல்லாதீங்க! என்னமா அழுத்தித் தேய்க்கிறீங்க, இந்தக் கைக்கா வேலை இல்ல? என்கிட்ட வந்திருந்தா அப்பவே சேர்த்திருப்பேன்.”

“வந்தேனே முதலாளி, இன்னிக்குக் காலையில. ‘வயசாச்சு, கையில வலு இருக்காது’ன்னு அனுப்பிட்டீங்க.”

குராமோச்சி திரும்பி உற்றுப் பார்த்தார்.

“அப்ப கோட்டு போட்டிருந்தேன், அதான் அடையாளம் தெரியல. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?” என்றார் பெரியவர், அழுத்தத்தைச் சற்றும் குறைக்காமல்.