வரேன்

மிளகி என்ற இளம் அணில் சாயங்காலம் கூட்டுக்குக் கிளம்பும்போது தாவுவான் என்ற ஆண் அணிலிடம், "சரி, வரேன்" என்றாள். வழியில் பார்த்த இன்னொரு ஆண் அணிலான கொறிப்பானிடமும் அதையேதான் சொன்னாள். கிளம்புகிறவர்கள் வேறென்னதான் சொல்வார்கள்?

மறுநாள் இரண்டு பயல்களும் ஒரு பூவரச மரத்தில் ஆளுக்கொரு கிளையில் மழையில் நனைந்தபடி அவளுக்காகக் காத்துக் கிடந்தார்கள். மத்தியானம் அவள் தற்செயலாக அந்தப் பூவரச மரத்துக்கு வந்தபோது, தாவுவானின் வால் கொறிப்பானின் வாயில் இருந்தது.

"என்கிட்ட வரேன்னு சொன்னவளை நீதான்டா தடுத்துட்டே!" என்று தாவுவான் கத்தினான்.

கொறிப்பான் வாலைத் துப்பினான். "என்கிட்டயும்தான் சொன்னா. நீதான் அவ மனசைக் கலைச்சுட்டே!"

மிளகிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "டேய், அது கிளம்பும்போது சொல்றதுடா! எனக்கு யாரைப் பிடிக்கும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இருவரில் ஒருவனை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, அந்த நிமிஷம் வரைக்கும்.

இப்போதும் அவர்கள் கேட்கவில்லை. சண்டையை விட்டுவிட்டு இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "எல்லாம் உன்னாலதான்!"

"அப்படியா? அப்போ நான் போறேன்."

பயல்கள் இருவரும் பதறிப்போய் ஒரே குரலில் கத்தினார்கள்:

"ஐயையோ, போறேன்னு சொல்லாதே! வரேன்னு சொல்லு!"