எழுபத்தொன்பது கிலோ

“ஏறி உட்காருங்க சார். நீங்க உட்காராம அலைன்மென்ட் பார்த்தா, அது காலி வண்டிக்குப் பார்த்த கணக்கு,” என்றார் பெர்னார்ட்.



ஈஜிபுராவில் பெர்னார்ட்டின் ஒர்க்‌ஷாப்பில் ரித்விக்கின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஓர் எடைப் பலகையோடு நின்றுகொண்டிருந்தது. போன வாரம்தான் சஸ்பென்ஷனை மாற்றி, வண்டியை இரண்டு அங்குலம் தாழ்த்தியிருந்தான். அன்றிலிருந்து அது இடது பக்கமே இழுத்தது. சக்கரத்தை நேராக்க வந்தால், இந்த மனிதர் ஓட்டுகிறவனையே எடை போடுகிறார்!

எடை காட்டும் திரைக்குப் பக்கத்தில் அவன் மனைவி வைஷ்ணவி நின்றாள். வீட்டு ஒப்பந்தம் அவள் போட்டது. அவன் எடை எண்பது கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் காரில் கை வைக்கலாம். மறுபடி ஏறினால், பழைய ஸ்பிரிங்கே திரும்ப மாட்டப்படும்.

ஆறே வாரத்தில் எண்பத்தைந்திலிருந்து எழுபத்தொன்பது. குளியலறை எடை மெஷின் சாட்சி. ஒவ்வொரு ஞாயிறும் அவளே குனிந்து முள்ளைப் பார்த்துக் கைதட்டினாள், பாவம்.

“சீட்ல ஒரு மணல் மூட்டை வெச்சுக்கலாமே,” என்று இழுத்தான்.

“ஆள் கீறப்போ மூட்டை எதுக்கு சார்?”

காரின் எடையைக் கழித்துத் திரையைப் பூஜ்யமாக்கினார் பெர்னார்ட். ரித்விக் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினான். மூச்சைப் பிடித்தால் எடை குறையாது என்பது இன்ஜினியரிங் படித்தவனுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் பிடித்தான்.

எண்பத்தைந்து.

தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

“அண்ணா, உங்க மெஷின் தப்பு,” என்றாள் வைஷ்ணவி, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அப்பாடா! இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்? ரித்விக் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“ரித்விக், இறங்கு. நான் உட்கார்றேன். நான் ஐம்பத்தெட்டு. இப்பப் பாருங்க அண்ணா.”

அவள் உட்கார்ந்தாள். திரை அறுபத்து நான்கு என்றது.

“பார்த்தீங்களா? அவனுக்கும் ஆறு கூட, எனக்கும் ஆறு கூட. சுத்தமா கெட்டுப்போச்சு!”

பெர்னார்ட்டின் முகம் சுருங்கிவிட்டது. இருபது வருஷத் தொழிலில் அவர் மெஷினை யாரும் இப்படிச் சொன்னதில்லை. உள்ளே போனவர், முத்திரை குத்திய இருபது கிலோ எடைக்கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் இறங்கியதும் அதே சீட்டில் வைத்தார்.

இருபது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வைஷ்ணவி அந்தக் கல்லையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

ஆறு வாரமாகச் சனிக்கிழமைதோறும் குளியலறை மெஷினின் திருகை ஒரு கிலோ பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தவனுக்கு, அவளும் அதே மெஷினில்தான் ஏறுகிறாள் என்பது அதுவரை உறைக்கவே இல்லை.

நேற்றுத்தான் அவள், தங்கை கல்யாணத்துக்கென்று தைத்த ஏழு ஜாக்கெட்டையும் நன்றாக இறுக்கிப் பிடிக்கச் சொல்லித் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.