காந்திமதி மாற்றிப் படித்த வரி

சங்கரன்கோவில் தறிக்கூடத்தில் வாராவாரம் பத்திரிகையில் வரும் சரித்திரத் தொடர்கதையைச் சத்தமாக வாசிப்பவள் காந்திமதிதான். இன்றும் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு வாசிக்கிறாள். அவள் சேலை மறைவில், அதே குழிக்குள், வெள்ளைக்காரனுக்கு எதிரான ஆகஸ்டுக் கலகத்தில் தந்திக் கம்பியை அறுத்த அவள் புருஷன் வேலாயுதம் சுருண்டு கிடக்கிறான். அவன் மூச்சு அவள் பாதத்தில் சுடுகிறது. எதிரே, பாவு நூலின் நிழல் முகத்தில் கோடு கோடாக விழ, அவனைத் தேடும் போலீஸ் ஏட்டு சுடலைமுத்து கதை கேட்கிறார். கதையில் கலகக்கார இளவரசனை அரண்மனைச் சேவகர்கள் தேடுகிறார்கள். "எங்க ஆளுவள மாதிரிதான் அலையுதானுவ," என்று ஏட்டு சிரிக்கிறார். "எங்கனதான் ஒளிஞ்சானாம்? படி தாயி."

இளவரசன் தானியக் குழிக்குள் பதுங்கினான் என்று அச்சாகியிருக்கிறது. காந்திமதி அந்த வரியைத் தாண்டுகிறாள். "இளவரசன் மலை உச்சிக்கு ஓடினான்," என்று வாசிக்கிறாள். ஏட்டு வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து, அவள் பக்கத்தில் குத்தவைக்கிறார். "நேத்தே ஸ்டேஷனுக்குப் புஸ்தகம் வந்துட்டு. நானும் படிச்சிட்டேன். அதுல குழின்னுல்லா போட்டிருக்கு. நீ எதுக்கு அவன மலைக்கு அனுப்புதே?" சுற்றிலும் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்கிறது. அவர் பார்வை அவள் மடியைத் தாண்டி மெல்லக் கீழே இறங்குகிறது. அவள் பாதத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சும் நிற்கிறது.