சுண்டுவிரலுக்கு ஒரு கீ

"சுண்டுவிரலை மடக்குங்க அண்ணாச்சி" என்றார் அகமது மீரான். தில்லைநாயகம் முக்கிப் பார்த்தார். வலது சுண்டுவிரல் கம்பி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

"சரி, அந்த விரலை மறந்திருங்க. இடது கையைக் காட்டுங்க."

மீரான் வைத்தியர் இல்லை. வண்ணார்பேட்டையில் டைப்ரைட்டர் பழுது பார்ப்பவர். பஸ் கதவில் நசுங்கிய அந்த விரலை, தில்லைநாயகம் காட்டாத ஆஸ்பத்திரி பாக்கியில்லை. இருபது வருஷமாகக் கல்யாண ஊர்வலங்களில் கிளாரினெட் வாசித்தவர், இப்போது அந்த விரல் அழுத்த வேண்டிய கீழ் ஸ்வரம் வரும்போதெல்லாம் அதை மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாளையங்கோட்டையில் மெல்லிசைக் குழு நடத்தும் ஐயம்பெருமாள், துபாய் கச்சேரிக்கு ஆள் எடுத்தார். ஒரு பாட்டு வாசித்துக் கேசட் அனுப்ப வேண்டும். சனிக்கிழமை கடைசி நாள்.

பழைய டைப்ரைட்டரில் கழற்றிய லீவர் ஒன்றை, ஸ்பிரிங் வைத்துக் கிளாரினெட்டில் பொருத்தினார் மீரான். இடது சுண்டுவிரலால் அழுத்தினால் வலப்பக்கத்துக் கீ தானாக டக்கென்று இறங்கியது. தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் டேப் ரெக்கார்டரை மடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாசித்தார். அடிக்கு அடி கீழ் ஸ்வரத்தில் வந்து விழும் பாட்டாகப் பார்த்து, வீம்புக்கே எடுத்தார். ஒரு இடம் பிசகவில்லை.

முடித்ததும் அடுப்படியிலிருந்து மனைவி வடிவம்மாள் வந்தாள்.

"யாரோ கதவைத் தட்டிக்கிட்டே இருக்காவ, உங்க காதுல விழலையா?"

போய்த் திறந்து பார்த்தாள். வாசலில் ஒருத்தரும் இல்லை.

"அது கிடக்கட்டும். வாசிப்பு எப்படிட்டீ?"

"நல்லாத்தான் இருந்துச்சு. வந்தவங்கதான் போயிட்டாங்க போல."

செவ்வாய்க்கிழமை எதிர்த்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஐயம்பெருமாள் லைனில் இருந்தார். வடிவம்மாளும் ஈரக் கையோடு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"கேசட்டை நாலு தடவை போட்டுக் கேட்டோம் வே. எங்க ஆளுவ எல்லாரும் அசந்து போயிட்டாங்க."

தில்லைநாயகம் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "பெரிய பெட்டியா ஒண்ணு வாங்கணும்ட்டீ" என்றார்.

"கிளாரினெட்டுக்கு நாகர்கோவில்காரரைப் போட்டாச்சு. உம்ம கூட உக்காந்து, டக்கு டக்குன்னு அம்சமா தாளம் தட்டுனாரே, ஒருத்தரு..." என்று இழுத்த ஐயம்பெருமாள், அடுத்துக் கேட்டார்:

"அவருக்குப் பாஸ்போர்ட் இருக்கா வே?"