ஒரு மூச்சுப் பாவசங்கீர்த்தனம்

ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கஸ்பாருக்கு மூச்சுக் கொடுத்தது. அவர் பேசுவதையெல்லாம் வராந்தாவில் நிற்கும் மனைவி ரெஜினாளின் போனுக்கு அனுப்பியதும் அதுதான். ஒன்றை நிறுத்தினால் இரண்டும் நின்றுவிடும்.

"அப்போ பாவசங்கீர்த்தனம் எப்படிக் கேக்கிறது?" கஸ்பாரின் பாவங்களை ரகசியமாகக் கேட்டு மன்னிப்பளிக்க வந்த பர்னபாஸ் சாமியார் கட்டிலைச் சுற்றிவந்தார்.

"கட்டில நிறுத்திருங்க சாமி. கடலுக்குள்ள முங்கிச் சங்கு குளிச்சவன் நான், ரெண்டு நிமிசம் தாங்குவேன். நீங்க பிரசங்கம் வைக்காம இருந்தாப் போதும்."

நாற்பது நிமிடத்துக்குள் ஒரு பிரசங்கத்தையும் முடித்தறியாத சாமியார் பொத்தானை அழுத்தினார். கஸ்பார் பிடித்து வைத்த மூச்சை வார்த்தை வார்த்தையாகச் செலவழித்தார். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லித் தொடங்கினார். மீதி கடவுளுக்கும் சாமியாருக்கும் மட்டும். உதடு நீலம் பாரித்தது. சாமியார் பாவமன்னிப்பு மந்திரத்தை ஒரே ஓட்டமாக ஓட்டி, சிலுவை வரைந்த கையாலேயே பொத்தானைத் தட்டினார்.

கட்டில் மூச்சுவிட்டது. பிறகு கஸ்பார். கடைசியாகச் சாமியார்.

வெளியே ரெஜினாள் போனைப் பிடித்தபடி நின்றாள். "ரெண்டு நிமிசம் இது ஊமையாயிருச்சு சாமி."

சாமியார் பிரசங்கத்துக்குப் போலத் தொண்டையைச் செருமினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு முப்பது வருசமாத் தெரியும். தெரியும்னு அவுககிட்ட மட்டும் சொல்லிராதீங்க."