இரட்டைப் பின்னல்

பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி சீப்போடு வந்து கணவன் முன்னால் உட்காருவதை, சமையலறையில் இருந்தபடியே மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு, பக்கத்து வீட்டுப் பாப்பாவா?” என்று கேட்டான் அவன்.

“ரெட்டைப் பின்னல் போட்டு விடுங்க” என்றாள் சிறுமி.

“எனக்குப் பின்னவே தெரியாதும்மா. உங்கம்மாகிட்ட போயேன்.”

“முடியைக் கையில பிடிங்க, தானா வரும்.”

சிரித்துக்கொண்டே பிடித்தான். அவன் விரல்கள் முடியை மூன்றாகப் பிரித்தன. எங்கும் தயங்காமல் இரண்டு பக்கமும் பின்னி முடித்தன.

சிறுமி பின்னலைத் தடவிப் பார்த்தாள். “நேத்தைவிட நல்லா இருக்குப்பா.”

“அப்பாவா?”

மனைவி வந்து அருகில் அமர்ந்தாள். மகள் பிறக்கும் முன்பே நடந்த விபத்துக்குப் பிறகு, புதிதாக எதுவும் அவன் நினைவில் தங்குவதில்லை.

“முகமும் பேரும்தான் உங்களுக்குத் தங்காதாம். கை திரும்பத் திரும்பச் செய்யறது, மூளையில வேற இடத்துல நரம்புக்கு நரம்பு இணைப்பை மாத்தி அப்படியே நிலைச்சுடுமாம். டாக்டர் சொன்னார். பின்னக் கத்துக்கிட்டதே இவளுக்காகத்தான்.”

அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக ஒரு பின்னலை அவிழ்த்தான்.

“இன்னொரு தடவை பின்னட்டுமா?”

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மகள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.