கராஜில் ஒரு விமானம்

அமெரிக்காவில், பிளானோ வீட்டுக் கராஜில் சத்தியசீலன் ஏழு வருஷமாகக் கட்டிய குட்டி விமானத்துக்குக் கடைசி ரிவெட் ஆணியும் அடித்தாயிற்று.

அவர் உயிருக்காக வெள்ளிதோறும் உபவாசம் இருந்த மனைவி ஜெயலீலா அழுதேவிட்டாள்.

"வேண்டாங்க, வித்துடுங்க. நீங்க விழுந்துட்டா நான் என்ன செய்வேன்?"

"வித்துட்டேன். நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறாங்க."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

"எனக்கு எப்படியும் லைசென்ஸ் கிடைக்காது லீலா. இந்த விமான பார்ட்ஸ் கிட்டை ஆர்டர் பண்றதுக்கு முந்தியே கண் டெஸ்ட்ல ஃபெயில்."

"தெரிஞ்சுமா ஏழு வருஷம் இதிலேயே கிடந்தீங்க?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பசங்க காலேஜுக்குப் போயாச்சு. வீக்கெண்ட் முழுக்க வீட்டுக்குள்ள உட்கார்ந்து நாம ரெண்டு பேரும் என்ன பேசுறது?"



வாசலில் லாரி வந்து நின்றது. அடுத்த விமானம் பெட்டி பெட்டியாக இறங்கியது.